பிழைகளை அழிக்காத ஒரு வகுப்பு: பரந்தனில் நடக்கும் வாசிப்பு வகுப்பு பற்றி

கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தன் சந்தியிலிருந்து சற்று உள்ளே, வயல்வெளியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு வீட்டின் விறாந்தையிலும் அதை ஒட்டிய தகரக் கொட்டகையிலும் நடக்கும் வாசிப்பு வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். வாசிக்கவும் எழுதவும் சிரமப்படுகிற பிள்ளைகளுக்கென்றே, ஓய்வுபெற்ற விசேட கல்வி ஆசிரியை ஒருவர் அதை நடத்தி வருகிறார். வாசலில் விளம்பரப் பலகை கிடையாது. கூட்டம் சேர்ந்தால் தன்னால் ஒவ்வொரு பிள்ளையையும் கவனிக்க முடியாமல் போய்விடும் என்று அவர் கேட்டுக்கொண்டதால் பெயரை எழுதவில்லை. உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் அந்தப் பக்கத்தில் விசாரித்தால் வழி காட்டுவார்கள். என் மகன் 2023ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 14 மாதங்கள் அங்கே படித்தான். கிழமைக்கு 2 நாட்கள் அவனை விசுவமடுவிலிருந்து அழைத்துச் சென்று, வகுப்பு முடியும்வரை விறாந்தையின் ஓரத்தில் இருந்து பார்த்தவள் என்பதால், அங்கே என்ன நடக்கிறது என்பதை விரிவாகவே சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

மகன் முதலாம் தரத்தில் சேர்ந்த ஆண்டு 2020. ஏடு தொடக்கி, புதுப் புத்தகப்பை வாங்கி, பாடசாலைக்குப் போய் இரண்டு மாதங்கள் ஆவதற்குள் மார்ச்சில் நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன. அதன்பின் திறப்பதும் மூடுவதுமாக இரண்டு வருடங்கள் போயின. 2022இல் எரிபொருள் இல்லாத மாதங்களிலும் வகுப்புகள் தடைப்பட்டன. ஆகவே மூன்றாம் தரத்திலும் அவன் எழுத்துக்கூட்டி வாசிக்கவில்லை என்றபோது, "கொரோனாக் காலத்துப் பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான்" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஆனால் அவனோடு ஒரே வாங்கில் இருந்த அயல்வீட்டுப் பிள்ளைகள் ஒரு வருடத்தில் விட்டதைப் பிடித்துவிட்டார்கள். அவன் பிடிக்கவில்லை. தமிழ்ப் பாடம் முதலாம் பாடவேளையாக இருக்கும் நாட்களில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வான். கவனமில்லை என்றும், சோம்பல் என்றும், இறுதியில் மொக்கு என்றும் அவனுக்குப் பெயர்கள் விழுந்தன. ஐந்தாம் தரத்தில் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயார்படுத்தும் ஒரு ரியூசன் வகுப்பில் சேர்த்துப் பார்த்தேன். ஒரு கொட்டகைக்குள் நெருக்கி இருந்த பிள்ளைகளுக்கு நாளுக்கொரு மாதிரி வினாத்தாள் கொடுத்தார்கள். வினாவை வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு வினாத்தாள் எத்தனை கொடுத்தாலும் பயன் என்ன என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் விளங்கியது.

இந்த வகுப்புக்கு முதல் நாள் போகும்போது பழைய கொப்பிகளைக் கொண்டுவரும்படி சொல்லியிருந்தார்கள். அதற்கு முதல் நாள் இரவு நான் மகனைப் பக்கத்தில் இருத்தி, அந்தக் கொப்பிகளில் இருந்த பிழைகளை அழிறப்பரால் அழித்து, சரியாக எழுதுவித்தேன். வெட்கமாக இருந்தது, ஒரு புது ஆசிரியையின் முன்னால் பிள்ளையை அப்படிக் கொண்டுபோய் நிறுத்த மனம் வரவில்லை. ரீச்சர் கொப்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, பிழை இல்லாத கொப்பியில நான் எதைப் பாத்துப் படிப்பிக்கிறது? அழிக்காத கொப்பி ஒண்டும் வீட்டில இல்லையோ?" என்று கேட்டார். அவர் குரலில் கண்டிப்பு இல்லை. அடுத்த முறை மூன்றாம் தரத்துச் சொல்வதெழுதுதல் கொப்பியை, சிவப்புக் கோடுகள் நிறைந்தபடியே கொண்டுபோனேன்.

கற்பித்தலைத் தொடங்குவதற்கு முன் பிள்ளையின் கண்ணையும் காதையும் வைத்தியசாலையில் பரிசோதிக்க வேண்டும் என்பது அங்கே மாற்ற முடியாத நிபந்தனை. கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றேன். மகனுக்கு இரண்டும் நன்றாகவே இருந்தன. எங்களோடு சேர வந்த இன்னொரு பிள்ளைக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. கண்ணாடி போட்டு இரண்டு மாதங்களில் அந்தப் பிள்ளை இந்த வகுப்புத் தேவையில்லாமலே பாடசாலை வாசிப்போடு சேர்ந்துவிட்டது. தன்னிடம் வரத் தேவையில்லாத பிள்ளையைத் திருப்பி அனுப்புகிற ஓர் ஆசிரியையை நான் அன்றுதான் கண்டேன்.

இந்த வகுப்பின் உண்மையான பெறுமதி அவர் பிழைகளை வாசிக்கும் விதத்தில் இருக்கிறது. நான் சிவப்புக் கோடுகளைப் பார்த்த இடத்தில் அவர் மூன்று வகைகளைப் பார்த்தார். "வீடு" என்பதை "விடு" என்றும், "ஏடு" என்பதை "எடு" என்றும் எழுதியிருந்தவை முதல் வகை: ஒலியின் நீளம் காதில் பதியவில்லை. "பாம்பு" என்பதைப் "பாபு" என்றும், "வண்டி" என்பதை "வடி" என்றும் எழுதியிருந்தவை இரண்டாவது வகை: மூக்கொலி தனியான ஒலியாக அவனுக்குக் கேட்கவில்லை. "கோழி" என்பதைக் "கேழி" என்று எழுதியது மூன்றாவது வகை. அங்கே ஒலி சரியாகவே கேட்டிருக்கிறது. கை கொம்பையும் ககரத்தையும் எழுதிவிட்டுக் காலைப் போடாமல் நின்றுவிட்டது. "முதல் ரெண்டும் காதுக்குரிய வேலை. மூண்டாவது கைக்குரிய வேலை. எல்லாத்துக்கும் நூறுதரம் எழுது எண்டு சொன்னால், பிழையைத்தான் அவன் நூறுதரம் எழுதுவான்," என்று அவர் சொன்னார். மூன்று வருடங்களாக நான் அவனுக்குக் கொடுத்த தண்டனை அதுதான். அந்த வசனத்தை இப்போதும் நான் இலகுவாகக் கடந்துபோக முடியவில்லை.

முதல் ஆறு கிழமைகள் எழுத்தையே தொடவில்லை. காசு கொடுத்து விளையாட அனுப்புகிறோமோ என்ற ஐயம் எனக்கு இருந்ததை மறைக்க விரும்பவில்லை. "மரம்" என்ற சொல்லில் முதல் ஒலியை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று கேட்பார். என் மகன் "மரம்" என்றே திரும்பச் சொல்வான். சொல் என்பது உடைக்கக்கூடிய ஒன்று என்பது ஒன்பது வயதிலும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. எழுத்து என்பது ஒலிக்கு இடும் அடையாளம் என்றால், ஒலியைத் தனித்துக் கேட்காதவனுக்கு எழுத்து வெறும் கோலம்தான். குறில் நெடில் வேறுபாட்டுக்கு அவர் எடுத்துக்கொண்டது நம்முடைய இலக்கணத்தில் இருக்கிற அளவையே: கண்ணிமைக்கும் நேரம் அல்லது கைநொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. பிள்ளைகள் வட்டமாக இருந்து "கல்" என்றால் ஒருமுறையும் "கால்" என்றால் இருமுறையும் விரலைச் சொடுக்குவார்கள். "பல்", "பால்", "படு", "பாடு", "கொடு", "கோடு". நான் உயர்தரத்தில் மனப்பாடம் செய்து பரீட்சைக்கு எழுதி மறந்த மாத்திரைக் கணக்கு, ஒரு பிள்ளையின் விரல்நுனியில் வேலைசெய்வதை அங்கேதான் கண்டேன். மூன்று கிழமைகளில் அவன் "விடு", "வீடு" இரண்டையும் குழப்புவதை நிறுத்தினான்.

மூக்கொலிக்கு அவர் வைத்திருந்த வழி இன்னும் எளிமையானது. மூக்கைப் பிடித்துக்கொண்டு "ம்" என்று இழுத்தால் ஒலி நின்றுவிடும். "ல்" என்று இழுத்தால் நிற்காது. இதைக் கண்டுபிடித்த நாளில் என் மகன் பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை மூக்கைப் பிடித்துப் பிடித்து ஒவ்வொரு எழுத்தையும் சோதித்துக்கொண்டு வந்தான். பிறகு "பாம்பு" என்ற சொல்லை மூக்கைப் பிடித்துச் சொல்லவைத்து, எந்த இடத்தில் அடைக்கிறது என்று கேட்டார். அடைத்த இடத்தில்தான் அவன் விட்டுவிட்ட எழுத்து இருந்தது. அதன் பின்னரே இனவெழுத்துகள் வந்தன: ககரத்துக்கு முன் ங், சகரத்துக்கு முன் ஞ், டகரத்துக்கு முன் ண், தகரத்துக்கு முன் ந், பகரத்துக்கு முன் ம், றகரத்துக்கு முன் ன். எந்த "ந" போடுவது என்பது நம் பிள்ளைகள் எல்லோருக்குமே பெரும் தொல்லை. அடுத்து நிற்கும் வல்லினத்தைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும் இடங்கள் இத்தனை இருக்கின்றன என்பதை எனக்கும் யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தரவில்லை.

எழுத்துக்கு வந்தபோது இன்னொரு உண்மை வெளிப்பட்டது. என் மகன் "க, கா, கி, கீ" என்று தொடங்கி "கௌ" வரை ஒரு தட்டுத்தடங்கலும் இல்லாமல் பாடுவான். ஆனால் "கெ" என்ற எழுத்தைத் தனியே காட்டினால், "க"விலிருந்து மனதுக்குள் பாடிக்கொண்டு வந்துதான் அதை அடையாளம் காண்பான். அவன் கற்றிருந்தது ஒரு பாட்டு. 247 எழுத்துகள் என்று சொல்லிப் பிள்ளையை மலைக்க வைக்கக்கூடாது என்பது ரீச்சரின் உறுதியான கருத்து. 12 உயிரும் 18 மெய்யும் தெரிந்து, உயிர் எந்த அடையாளத்தோடு மெய்யில் ஏறுகிறது என்பதும் தெரிந்தால் 216 உயிர்மெய்யும் கைக்கு வந்துவிடும். ஆனால் அந்த அடையாளங்கள் எல்லாம் ஒரேமாதிரி நடந்துகொள்வதில்லை என்பதை அவர் மறைப்பதும் இல்லை. ஆகாரத்தின் கால் ஒழுங்காக வலப்பக்கம் நிற்கும். உகரம் அப்படி இல்லை: பு, சு, வு, யு என்பன கீழே கோடு இறங்குகிற ஒரு குடும்பம், து, நு, லு, று, ணு, னு என்பன இன்னொரு குடும்பம், கு, டு, மு, ரு, ழு, ளு என்பன வளைந்து சுற்றும் மூன்றாவது குடும்பம். இவற்றை நிறம் நிறமான அட்டைகளில் எழுதி, குடும்பம் குடும்பமாகப் பிரிக்கும் விளையாட்டு ஒரு மாதம் நடந்தது. எகர ஏகார ஐகாரங்களில் சிக்கல் வேறுவிதமானது. காதுக்கு முதலில் கேட்பது ககரத்தின் ஒலி, ஆனால் கை முதலில் எழுத வேண்டியது கொம்பு. "கொ", "கோ" என்று வந்தால் ஓர் உயிரொலியின் அடையாளம் இரண்டாகப் பிரிந்து மெய்யின் இருபுறமும் நிற்கிறது. நமக்குப் பழகிப்போனதால் இது ஒரு சுமை என்றே தெரிவதில்லை; ஒலியைப் பிடித்து வைத்துக்கொள்ளவே திணறும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய சுமை என்பதை அவர் விளக்கியபோது "கேழி" எனக்குப் பிழையாகவே தெரியவில்லை. காலுக்கும் ரகரத்துக்கும் உருவம் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால், ரகரத்தின் அடியில் இழுக்கும் சிறு கோட்டைக் கட்டாயம் இழுக்கவைப்பார். அவர் கடுமையாக நடந்துகொள்ளும் ஒரே இடம் அதுதான்.

ஒவ்வொரு புது எழுத்தும் முதலில் தட்டத்தில் பரப்பிய மணலில் வரும். வாயால் ஒலியைச் சொல்லிக்கொண்டு, விரலால் மணலில் எழுதி, கண்ணால் பார்த்து, பிறகு சதுரக் கட்டம் போட்ட கொப்பியில் எழுத வேண்டும். அமெரிக்காவில் சாமுவேல் ஓர்ட்டன் என்ற வைத்தியரும் அன்னா கில்லிங்காம் என்ற ஆசிரியையும் கடந்த நூற்றாண்டின் முதற்பாதியில் உருவாக்கிய முறை ஒன்று, பார்வை, கேள்வி, தொடுகை, அசைவு எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துப் படிப்படியாக வாசிப்பைக் கற்பிக்கிறது. வாசிப்பில் இடர்ப்படும் பிள்ளைகளுக்கு உலகின் பல இடங்களில் இன்றும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். ரீச்சர் பயிற்சியின்போது அதைக் கற்றவர். ஆயினும் தாய்மாருக்கு அதை விளக்கும்போது, விசயதசமியன்று பச்சையரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து "அ" எழுதுவித்த நாளை நினைக்கச் சொன்னார். அன்று வாய் சொல்லியது, விரல் உணர்ந்தது, கண் பார்த்தது. நாம் அதை ஒரே நாளில் நிறுத்திவிட்டோம், சில பிள்ளைகளுக்கு அது ஒரு வருடம் நீடிக்க வேண்டும் என்றார்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை அவர் கையாண்ட விதம் தனியாகக் குறிப்பிட வேண்டியது. புத்தகத்தில் "நான் வருகிறேன்" என்று இருந்தால் என் மகன் "நான் வாறன்" என்று வாசிப்பான். நான் அதைப் பிழை என்று திருத்திக்கொண்டிருந்தேன். ரீச்சரின் பார்வையில் அது நல்ல அறிகுறி, ஏனென்றால் பொருள் விளங்காத பிள்ளையால் அப்படி மாற்ற முடியாது. அதற்காக விட்டுவிடவும் இல்லை. ஒரு தாளின் இடப்பக்கத்தில் "வாறன், போறன், நிக்கிறன்" என்று வீட்டுப் பேச்சையும், வலப்பக்கத்தில் "வருகிறேன், போகிறேன், நிற்கிறேன்" என்று புத்தகப் பேச்சையும் எழுதி, இரண்டும் நம்முடையவைதான், இடத்துக்கு ஏற்றதை எடுக்க வேண்டும் என்று பழக்கினார். வீட்டில் கதைப்பதைக் குறைவாகச் சொல்லாமலே புத்தகத் தமிழைக் கற்பிக்கலாம் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அங்கே வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே தேவை இல்லை. ஒரு நேரத்தில் நால்வருக்குமேல் எடுப்பதில்லை என்பதால், நால்வருக்கும் நால்வகையாகக் கற்பிக்க அவரால் முடிகிறது. காதில் கருவி அணிந்திருக்கும் ஒரு பிள்ளையை வெளிச்சம் தன் முகத்தில் விழும்படியான இடத்தில், தனக்கு நேரெதிரே இருத்துவார். ஒலியைக் கேட்க முடியாத இடத்தில் அந்தப் பிள்ளை உதட்டைப் பார்த்துக்கொள்ளும். ஐந்து நிமிடத்துக்குமேல் இருக்க முடியாத ஒரு சிறுவனுக்கு நின்றுகொண்டு வாசிக்கவும், ஒவ்வொரு பந்தி முடிவிலும் கிணற்றடிவரை நடந்துவரவும் அனுமதி உண்டு. தசை இறுக்கத்தால் பென்சிலைப் பிடிக்கச் சிரமப்படும் ஒரு பிள்ளைக்கு, பழைய சைக்கிள் ரியூபை வெட்டிப் பென்சிலில் தடிப்பாகச் சுற்றிக் கொடுத்திருக்கிறார். பேச்சும் விளக்கமும் பொதுவாகவே மெதுவாக வளரும் பிள்ளைகளின் பெற்றோரிடம், தன்னுடைய கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் போதாது என்பதையும், விசேட கல்வி அலகு உள்ள பாடசாலையில் நாளாந்தம் கற்பதே நல்லது என்பதையும் நேரடியாகச் சொல்வார்.

கனடாவில் இருக்கும் என் மாமா, எழுத்துகள் ஆடாமல் தெரியும் என்று சொல்லி, புத்தகத்தின்மேல் வைத்து வாசிக்கும் நிறக் கண்ணாடித் தாள்களை அனுப்பியிருந்தார். நான் மிகுந்த நம்பிக்கையோடு கொண்டுபோனேன். வாசிப்புச் சிரமத்தின் வேர் பெரும்பாலும் ஒலிகளை மனதில் கையாளும் இடத்தில் இருக்கிறது, நிறத் தாள்கள் வாசிப்பைத் திருத்துகின்றன என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009இல் கூட்டாக அறிவித்திருக்கிறார்கள் என்று அவர் பொறுமையாக விளக்கினார். இந்தச் சிரமம் புதிய நோய் அல்ல என்பதையும் அன்று அறிந்தேன்: 1896இலேயே பிறிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில வைத்தியர், எல்லாவற்றிலும் சுறுசுறுப்பாக இருந்தும் வாசிக்க மட்டும் கற்க முடியாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதியிருக்கிறார். அறிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதும், இது குடும்பங்களில் தொடர்ந்து வருவதுண்டு என்பதும் அன்று பேசப்பட்டன. என் தகப்பனார் கடிதங்களை மற்றவர்களைக் கொண்டே வாசிப்பித்தவர். வயல் கணக்கு முழுவதையும் மனதில் வைத்திருந்த மனிதர். அன்று திரும்பி வரும்போது அவரையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

எழுதுவதைப் பொறுத்தவரை, பிள்ளை முதலில் தன் கதையை வாயால் சொல்ல, ரீச்சர் அதை அப்படியே எழுதுவார். பிறகு பிள்ளை அதை வாசிக்கும், பார்த்து எழுதும், அதன்பின் தானாக நீட்டி எழுதும். இரணைமடு வாய்க்காலில் மீன் பிடித்த கதைதான் என் மகன் வாசித்த முதல் முழுப் பந்தி. தான் சொன்ன கதை என்பதால் அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, அந்தத் துணிவில் அவன் ஏழு வரிகளை நிற்காமல் வாசித்தான்.

ஆனால் வகுப்பின் பலவீனமும் இங்கேதான் தொடங்குகிறது. வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியை விளங்கும் திறனையும் பெருக்கி வருவது, இரண்டில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம் என்று கஃப், ரன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986இல் எழுதினார்கள். இந்த வகுப்பு முதற்பாதியில் மிகச் சிறப்பாக இருக்கிறது. இரண்டாம் பாதிக்கு நேரம் போதவில்லை. பந்தியை வாசித்துவிட்டுக் காரணம் சொல்லவும், பழக்கமில்லாத சொற்களின் பொருளை ஊகிக்கவும், சூழல் பாடப் புத்தகத்தின் நீண்ட வசனங்களைப் பிரித்து விளங்கவும் என் மகனுக்கு இன்னும் உதவி தேவை. அதை வீட்டில் நான்தான் செய்தேன். 10, 11 வயதுப் பிள்ளைகள் வாசிப்பதற்கு அங்கே இருப்பவை பெரும்பாலும் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கான படப் புத்தகங்கள். பூனைக்குட்டிக் கதையை வாசிக்கக் கொடுத்தால் ஐந்தாம் தரத்துப் பையன் முகம் சிவந்து தம்பி தங்கைகளின் பக்கம் பார்க்கிறான். வயதுக்கேற்ற விடயத்தை எளிய எழுத்தில் சொல்லும் தமிழ்ப் புத்தகங்கள் நம்மிடம் போதாது என்பது அந்த ஆசிரியையின் குற்றமல்ல. என்றாலும் பெற்றோர்கள் இதை அறிந்துகொண்டு போக வேண்டும்.

தகரக் கூரை அடுத்த குறை. மாரி தொடங்கி ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது அந்தக் கொட்டகைக்குள் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. ஒலியைப் பிரித்துக் கேட்பதையே அடித்தளமாகக் கொண்ட வகுப்புக்கு இதைவிடப் பெரிய இடையூறு இருக்க முடியாது. காதுக்கருவி அணிந்த பிள்ளைக்கு அந்த நாட்கள் முழுவதும் வீண். கூரையின் கீழே கிடுகாவது பரப்பினால் சத்தம் குறையும் என்று பெற்றோர்கள் சிலர் பேசிக்கொண்டோம். நான் நின்ற காலம்வரை அது நடக்கவில்லை, அதில் எங்கள் பங்கும் உண்டு. விறாந்தைக்கு ஏறும் படிகள் உயரமானவை, சாய்தளம் இல்லை. நடக்கச் சிரமப்படும் பிள்ளையைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். ரீச்சருக்கு உடல்நலம் இல்லையென்றால் வகுப்பும் இல்லை; மாற்று ஆள் கிடையாது. நாங்கள் போன காலத்தில் அப்படி ஐந்து கிழமைகள் போயின, உகர அட்டைகளை நாங்கள் வீட்டில் தொடர்ந்து விளையாடியதால்தான் கற்றது கழன்றுபோகவில்லை.

பெரிய பிள்ளைகளின் பெற்றோர் கேட்க வேண்டிய ஒரு விடயம்: விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற ஏற்பாடுகளைப் பரீட்சைத் திணைக்களம் வழங்குகிறது, ஆனால் அதற்குப் பாடசாலை ஊடாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், வைத்திய அறிக்கையும் தேவைப்படும். இந்த வகுப்பில் அவ்வாறான அறிக்கை எதுவும் கிடைக்காது. ரீச்சர் தன் குறிப்புக் கொப்பியைத் தாராளமாகக் காட்டுவார், ஆனால் அது அத்தாட்சி ஆகாது. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்வரை பொறுத்திருக்காமல் இதைத் தனியாகத் தொடங்கிவிட வேண்டும்.

கட்டணம் மாதம் 3,000 ரூபா. கிழமைக்கு 2 நாட்கள், ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம். இந்தப் பக்கத்து ரியூசன் கட்டணங்களோடு பார்த்தால் அதிகம்தான். நால்வர் மட்டுமே இருக்கும் வகுப்பு என்பதையும், கொடுக்க முடியாத குடும்பங்களிடம் அவர் வாங்குவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு அது நியாயமாகப் பட்டது. உண்மையில் எங்களுக்குக் கனத்தது பஸ் செலவும், கிழமைக்கு இரண்டு பின்னேரங்கள் வேலையை விட்டு வரவேண்டியிருந்ததும்தான். மணலும் அட்டைகளும் அவரே தருகிறார். கொப்பியும் பென்சிலும் நாம் கொண்டுபோக வேண்டும். தரப்படுத்தச் சொன்னால், எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்பிப்பதில் இதற்கு நான் முழுப் புள்ளியும் கொடுப்பேன். விளங்கி வாசிப்பதிலும் கட்டுரை எழுதுவதிலும் பாதிக்குச் சற்று மேல். இடவசதியில் பாதிக்குக் கீழே.

2024 செப்ரெம்பரில் மகன் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினான். வெட்டுப்புள்ளியை எட்டவில்லை. வினாக்களைத் தானே வாசித்ததாகவும், கடைசிப் பக்கத்துக்கு நேரம் போதவில்லை என்றும் வந்து சொன்னான். ஒரு வருடத்துக்கு முன்னால் அவனால் முதல் வினாவையே வாசித்திருக்க முடியாது. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அதற்கு முந்திய ஒரு பின்னேரம். பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றோம். அதுவரை அவன் பஸ்ஸை நிறத்தைக் கொண்டும், நடத்துநரின் குரலைக் கொண்டும்தான் அடையாளம் காண்பான். அன்று தூரத்தில் வந்த பஸ்ஸின் பலகையைப் பார்த்தபடி, விரலைத் தொடையில் தட்டித் தட்டி, "பு... து... க்... கு... டி... யி... ரு... ப்... பு" என்று கூட்டி, பிறகு முழுச் சொல்லாகச் சொன்னான். 9 எழுத்துகள், அவற்றில் 5 உகரங்கள், மூன்று குடும்பங்களும் அந்த ஒரே சொல்லில் இருந்தன. நடத்துநர் ஊர்ப்பெயரைக் கூவியது அதன்பின்தான்.

புலமைப்பரிசிலில் புள்ளி கூட்டுவதற்காக இந்த வகுப்பைத் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றமே கிடைக்கும்; அவர் பாடத்திட்டத்தை நடத்துவதில்லை, வினாத்தாள் செய்விப்பதுமில்லை. ஏழு, எட்டு வயதாகியும் எழுத்துகளைப் பாடத் தெரிந்து, தனியே காட்டினால் தடுமாறுகிற பிள்ளை வீட்டில் இருந்தால், புலமைப்பரிசில் வருடம்வரை பொறுத்திருக்காமல் மூன்றாம் தரத்திலேயே கொண்டுபோகலாம். புதிய பிள்ளைகளைப் பெரும்பாலும் தவணைத் தொடக்கத்தில்தான் சேர்க்கிறார், நாங்கள் ஒரு தவணை முழுவதும் காத்திருந்தோம். போகும்போது பழைய சொல்வதெழுதுதல் கொப்பிகளை எடுத்துச் செல்லுங்கள், அழிறப்பர் படாத கொப்பிகளாக.